எட்டு டின்களில் கொய்யா விதை

ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். பரீட்சையில் அடிக்கடி வரும் கேள்விகள் என்று அவளுடைய ஆசிரியர் ஸ்டென்சிலில் அடித்துக் கொடுத்த தாள்களை எடுத்துக்கொண்டு போன வாரம் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஆஸ்பத்திரி லேப்ல வேல பாத்தவருதானே. இதுல கொஞ்சம் சொல்லுங்கலா."

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும். தப்பாக எதையாவது சொல்லி, அதை அவள் எழுதி, மார்க் போய்விட்டால்? "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, நான் போத்தல் கழுவினவன்" என்றேன். அவள் விடவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். இலையைக் குறுக்கே வெட்டினால் என்னென்ன தெரியும்? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது? பட்டாணிச் செடியில் சிலது உயரமாகவும் சிலது குட்டையாகவும் வருவது ஏன்? ஒவ்வொன்றுக்கும், அடுத்ததைப் படிம்மா என்றேன்.

ஒன்பதாவது கேள்வி, கொக்கிப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை எழுதுக என்பது. அதைச் சொன்னேன். முட்டை மலத்தோடு மண்ணில் விழுவது, ஈரமும் நிழலும் இருந்தால் பொரிப்பது, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு வெறுங்காலின் விரலிடுக்கில் துளைத்து ஏறுவது, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கவ்விக்கொள்வது, அங்கே ரத்தம் குடித்து மறுபடியும் முட்டை போடுவது. அவள் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, "அப்படியே இருக்கு மாமா!" என்றாள்.

அடுத்தது, சோதனைக்கு எடுக்கும் மாதிரியில் ஏற்படக்கூடிய பிழைகள் யாவை என்பது. புத்தகத்தில் நான்கு பிழைகள் போட்டிருந்தன. பாத்திரம் அசுத்தமாக இருப்பது, நேரம் கடந்துவிடுவது, பெயர்ச்சீட்டு மாறுவது, மாதிரி போதாமல் இருப்பது.

"இன்னொன்னு இருக்கும்மா" என்றேன்.

"புக்குல நாலுதான் மாமா. அஞ்சாவது எழுதினா மார்க் கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்க் கிடைக்காத அந்த ஐந்தாவதை எங்கேயாவது எழுதி வைத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில். அப்பா தெலுக் இந்தான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. அவர் காய்ச்சலில் படுத்தபோது பள்ளிக்கூடம் நின்றது. பத்து காஜாவிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஐந்தாறு தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலை கிடைத்தது. பிறகு போத்தல் கழுவுகிற வேலை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம். கழுவிய போத்தலில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து அதனால் யாராவது செத்துப்போனால் என்று நினைத்து, கழுவியதையே திரும்பக் கழுவுவேன். வார்டில் வேலை செய்தவர்கள், "டேய், அந்தப் போத்தல் தேஞ்சு போயிடும்டா" என்று கேலி செய்வார்கள். ஒருநாள் டிரசர் அதைப் பார்த்தார்.

டிரசர் என்றால் அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரியில் எல்லாமே அவர்தான். வெள்ளைக்கார டாக்டர் வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை, காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற ஆறு நாளும் புண் கட்டுவது, மருந்து கலப்பது, பிரசவம் பார்ப்பது, நுண்ணோக்கி பார்ப்பது எல்லாம் டிரசர். எங்கள் டிரசர் வைத்திலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெலிசாகத் திருநீறு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துத்தான் திட்டு வாங்கவேண்டும்.

"இஞ்ச வாரும் காணும். ஏன் கழுவினதையே கழுவுறீர்?"

"பயமா இருக்குங்க ஐயா."

"நல்லது. பயப்பிடுற ஆள்தான் எனக்கு வேணும்" என்று சொல்லி, நுண்ணோக்கி இருந்த அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

அவர் எனக்குக் கொடுத்த கட்டளை ஒன்றுதான். தினமும் சொல்வார். "கண்டதைச் சொல்லும். நினைச்சதைச் சொல்லாதேயும்." கண்ணாடித் துண்டை ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, வயலில் உழுவதுபோல வரிவரியாகப் போய், மறு ஓரத்தில் முடிக்கவேண்டும். நடுவில் விட்டுத் தாண்டக்கூடாது. முட்டை என்று நினைத்தாலும் முட்டை என்று சொல்லக்கூடாது. முட்டை வடிவம், மெல்லிய ஓடு, உள்ளே நாலு துண்டு என்று கண்டதைத்தான் சொல்லவேண்டும். அது கொக்கிப்புழுவா இல்லையா என்று முடிவு செய்வது அவர் வேலை.

அந்த வருஷங்களில் எங்கள் தோட்டங்களில் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக ஆளைத் தின்றது கொக்கிப்புழு. லயங்களுக்கு, அதாவது ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, ஒழுங்கான கக்கூஸ் கிடையாது. எல்லாரும் பால்மரத்து நிழலுக்குத்தான் போவார்கள். அதே நிழலில் மறுநாள் வெறுங்காலோடு வேலை செய்வார்கள். முகம் வெளுத்து, நகம் வெளுத்து, ஒரு வாளி பாலைத் தூக்கினால் நெஞ்சு படபடக்கும். ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற கங்காணிக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டமாக எல்லாருடைய மலத்தையும் சோதித்து, புழு இருப்பவர்களுக்கு மருந்து கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. சோதிக்கிற முறை இது. காலி சிகரெட் டின்னில் பேரும் நம்பரும் எழுதிய சீட்டு ஒட்டிக் கொடுப்போம். மறுநாள் காலையில் டின் திரும்பி வரும். அன்றைக்கே பார்த்துவிடவேண்டும். வைத்திருந்தால் முட்டை பொரித்துவிடும். வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பேன். இனிமேல் கரையமாட்டேன் என்று உப்பு அடியில் தங்கினால் தண்ணீர் தயார். டின்னுக்குள் கொஞ்சம் அதை ஊற்றிக் குச்சியால் நன்றாகக் கலக்கி, பிறகு விளிம்பு வரைக்கும் ஊற்றி, மேலே ஒரு கண்ணாடித் துண்டைத் தண்ணீர் தொடும்படி மூடி வைக்கவேண்டும். உப்புத் தண்ணீரில் முட்டைகள் மேலே மிதந்து வந்து கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் முட்டை சுருங்கிப்போகும். பிறகு கண்ணாடியை ஆட்டாமல் நேராகத் தூக்கிச் சட்டென்று திருப்பி நுண்ணோக்கிக்குக் கீழே வைக்கவேண்டும். இந்தத் திருப்புகிற இடத்தில் நான் ஒரு தடவைகூடச் சிந்தியதில்லை.

நான் சொல்ல வந்த தோட்டத்துக்கு டின் கொடுக்க நானே போயிருந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு. ஆண்களும் பெண்களும் வரிசையாக நிற்கிறார்கள். டின்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட கங்காணி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பேரைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"மூணாம் லயம் அஞ்சல! வா, வந்து வாங்கு. நாளைக்கு வெறும் டின்னக் கொண்டாந்தியோ, ரொப்புற வரைக்கும் இங்கயே ஒக்கார வச்சிடுவேன்."

ஆண்கள் சிரித்தார்கள். ஒருவன், "கங்காணியாரே, ஒங்க டின்னு எங்க?" என்று கேட்டான்.

"என்னோடது நேரா துரை பங்களாவுக்குப் போவுதுடா!"

மறுபடியும் சிரிப்பு. பெண்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அஞ்சலை என்ற அந்தப் பெண் தலை நிமிராமல் வந்து, டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் அப்படியே. எனக்கு அது மனசில் உறுத்தியது. ஆனால் கங்காணியிடம் என்ன சொல்வது? நான் டின் கொண்டுவந்தவன்.

மறுநாள் டின்கள் வந்தன. ஆண்களுடையது பாதி திறந்தும் கவிழ்ந்தும் இருந்தது. மூன்றாம் லயத்துப் பெண்களுடைய எட்டு டின்களும் மட்டும் வாழை இலையால் மூடி, நூல் கட்டி, ஒரே சீராக இருந்தன. எவ்வளவு ஒழுங்கான பெண்கள் என்று சந்தோஷப்பட்டேன். கலக்கும்போது குச்சியில் ஏதோ கரகரவென்று இடறியது. பார்த்தால் கொய்யா விதை. எட்டிலும் கொய்யா விதை. அதை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆண்களில் பெரும்பாலோருக்குக் கொக்கிப்புழு முட்டை இருந்தது. இந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. சாட்டைப்புழு முட்டை மட்டும் இருந்தது. அது பீப்பாய் மாதிரி, இரண்டு பக்கமும் அடைப்பான் வைத்ததுபோல இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்து மூன்று தடவை பார்த்தேன். அதேதான்.

"எத்தனை தரம் பார்த்தனீர்?" என்று டிரசர் கேட்டார்.

"மூணு தரங்க ஐயா."

"வேற ஏதேனும் கண்டனீரோ?"

"சாட்டைப்புழு முட்டைங்க."

கொய்யா விதையை நான் சொல்லவில்லை. அது ஒரு விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் 'கொக்கிப்புழு இல்லை' என்று பதிவேட்டில் எட்டுப் பெயருக்கும் நேராக எழுதினார்.

ஒரு மாதம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. நகத்தால் சுவரைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். டின்னை முந்தானையில் மறைத்துப் போன அதே அஞ்சலை என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படி வெளுத்துப் போயிருந்தாள்.

"செவுத்தத் திங்காதம்மா, வயித்துக்கு ஆகாது."

"மண்ணுன்னா ஆசையா வருதுண்ணே. இனிமே என்ன, ஊருக்குப் போயி நல்ல மண்ணாத் திங்கலாம்" என்று சிரித்தாள்.

அவளை ஊருக்கு அனுப்புகிறார்கள். போன வாரம் டாக்டர் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். வேலைக்கு ஆகவில்லை, பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள், நடிக்கிறாள் என்று கங்காணி சொல்லியிருக்கிறார். டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார். காய்ச்சல் கிருமி இல்லை, புழு இல்லை. அப்படியானால் உடம்பே இப்படித்தான், வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார். சனிக்கிழமை காலையில் லாரி வரும்வரைக்கும் இங்கே கிடக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஈப்போவுக்குப் போய் ரயில், பினாங்கில் கப்பல். அவள் புருஷன் கைத்திறமையான வெட்டுக்காரன். அவனை விடத் துரைக்கு மனசில்லை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அதைக் கூட்டிப்போகத் தெம்பில்லாமல் அவனிடமே விட்டுவிட்டாள். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை.

"கப்பல்ல படுத்துக்கிட்டே போலாம்னு சொல்றாங்க. படுக்கத்தானே வேணும் எனக்கு" என்றாள்.

'புழு இல்லை' என்று சொன்னது என் கண். அவள் நீட்டியிருந்த காலைப் பார்த்தேன். விரலிடுக்குகளில் சேற்றுப்புண் வந்து ஆறிய தழும்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. புழு ஏறுகிற வாசல் அது. இந்தக் காலுக்குரிய வயிற்றில் எப்படிப் புழு இல்லாமல் போகும்? மூன்று தடவை பார்த்தேனே. எதை விட்டேன்? யோசித்து யோசித்து, விட்டது ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது.

"ஏம்மா, நீ கொய்யாப்பழம் திம்பியா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கொய்யாவா? எங்க லயத்துல ஒரே ஒரு மரம்ணே, மாரியாயக்கா வீட்டுப் பின்னால. ஒன்னு பறிச்சம்னா மானத்த வாங்கிடும்."

"அப்ப ஒன் டின்னுக்குள்ள கொய்யா விதை எப்படி வந்துச்சு?"

அவள் முகம் இருந்த கொஞ்ச நிறத்தையும் விட்டுவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். "அண்ணே, ஒங்களக் கும்புடறேன், கங்காணிக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு. அது என்னோடது இல்ல. நாங்க எட்டுப் பேரும் அழுதுக்கிட்டு நின்னம். அக்காதான், 'ஏண்டி அழுவுறீங்க, கொண்டாங்க டின்ன'ன்னு வாங்கிக்கிச்சு."

நான் டிரசரிடம் போனேன். எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"விதையைக் கண்டனீரோ?"

"கண்டேங்க ஐயா."

"எட்டிலயும்?"

"எட்டிலயுங்க."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"அது ஒண்ணும் இல்லன்னு நெனச்சேங்க."

குரல் இறங்கியது. நான் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். "நினைச்சனீர்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நான் இன்றைக்கும் சோறு தின்னும்போது சில நாள் கேட்கிறேன்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பிள்ளையைக் கப்பலில ஏத்தினா, கடல் பாதி தாண்டமாட்டாள்" என்றார். ஆனால் உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்பவில்லை. முதலில் மாரியாயியைக் கூட்டிவரச் சொன்னார். பிள்ளைக் கொட்டகைக்கு இருமல் மருந்து வாங்கிப்போக வரவேண்டும் என்று சொல்லி ஆள் அனுப்பினோம். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா அவள்; பெரட்டில் நிற்காததால் அவளுக்கென்று டின் போகவில்லை.

வராந்தாவில் 'டொக், டொக்' என்று சத்தம் வந்தது. மாரியாயி கட்டைச் செருப்புப் போட்டிருந்தாள், சீனர்கள் போடுகிற தெரொம்பா. முன்பு ஈப்போவில் ஒரு சீனர் வீட்டில் வேலை செய்தபோது பழகியதாம். மூன்றாம் லயத்தில் காலில் எதையாவது போட்டுக்கொண்டு நடந்தவள் அவள் ஒருத்திதான். டிரசர் அந்தக் கட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் வயிற்றில் ஏன் கொக்கிப்புழு இல்லை என்று அப்போதே எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

"எட்டு டின்னும் உம்முடையதோ?" என்று டிரசர் கேட்டார்.

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா சாமி. ஆம்பளைங்க முன்னால பேரச் சொல்லிக் கூப்பிட்டாரே அந்தக் கங்காணி, நாசமாப் போறவன். அதுங்க எல்லாம் சின்னப் பொண்ணுங்க. எனக்கு என்ன, நான் கெழட்டு முண்ட. அன்னைக்குப் பூரா அதுக்குன்னே கொய்யாவாத் தின்னேன்."

"உம்முடையதை ஏன் குடுத்தனீர்? அது சோதனைக்கு அல்லோ?"

"அதனாலதான் சாமி குடுத்தேன்! அதுங்களோடது நோஞ்சான் வயிறு. ஆஸ்பத்திரிக்குப் போற சாமான், நல்லதாக் குடுக்க வேணாமா? லயத்துலயே ஒடம்பு நல்லா இருக்கிறது நான்தான். எட்டுப் பேரு மானத்தக் காப்பாத்தினேன், தப்பா?"

டிரசர் வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான்தான் அவளிடம், அந்த டின்னால் அஞ்சலையைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். கட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயந்தரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அஞ்சலையிடமிருந்து உண்மையான டின்னை மறுநாள் காலையில் வாங்கித் தந்தது அவள்தான்.

கலக்கினேன். உப்புத் தண்ணீர் ஊற்றினேன். கண்ணாடியை மூடிக் கால் மணி நேரம் நின்றேன். திருப்பி வைத்துப் பார்த்தபோது, வரிவரியாகப் போகவேண்டிய அவசியமே இல்லை. பார்த்த இடமெல்லாம் முட்டை. மெல்லிய ஓடு, உள்ளே நாலு துண்டு. டிரசர் குனிந்து பார்த்தார். "ஓம்" என்றார்.

பதினொரு மணிக்கு டாக்டர் கார் வந்தது. இனி என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னால் எட்டுப் பெண்களும் ஏமாற்றுக்காரிகள் என்று துரைக்குப் போகும். துரையிடமிருந்து கங்காணிக்கு வரும். பெரட்டில் அந்தக் கங்காணி அதை எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். மாரியாயிக்குப் பிள்ளைக் கொட்டகை போய்விடும். சொல்லாவிட்டால், இல்லை என்று எழுதியது எப்படி உண்டு என்று ஆனது? டாக்டர் பழைய பக்கத்தையும் புதிய கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். டிரசர் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். டாக்டர் என் பக்கம் திரும்பி, எங்களுக்குப் பழகிய மலாயில், யாருடைய தப்பு என்று கேட்டார்.

"சியாப்பா புன்யா சாலா?"

வாழ்க்கையில் நான் எதற்கும் முந்திக்கொண்டவன் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"சாயா, துவான்." என்னுடையது என்றேன். சீட்டு நனைந்து உரிந்துவிட்டது, எட்டுச் சீட்டையும் வேறு டின்களில் மாற்றி ஒட்டிவிட்டேன், எட்டுப் பேரையும் திரும்பச் சோதிக்கவேண்டும் என்று தெரிந்த மலாயில் சொன்னேன். டிரசர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டர் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அஞ்சலையின் பேரைக் கப்பல் பட்டியலில் கோடு போட்டு அடித்தார்.

ஆனால் அவள் பிழைப்பாள் என்பது அப்போதும் நிச்சயமில்லை. அந்தக் காலத்துப் புழு மருந்து ஓர் எண்ணெய். புழுவைக் கொல்லும். கொஞ்சம் கூடினால் ஆளையும் கொல்லும். திடமான ஆளுக்கே தலை சுற்றும். ஆகவே டிரசர் அவளுக்கு உடனே மருந்து கொடுக்கவில்லை. பத்து நாள் படுக்கையில் வைத்து, இரும்புச் சத்து மருந்து, பால், முட்டை, ஆட்டு ஈரல் என்று கொடுத்துத் தேற்றினார். வார்டு ஆட்கள், "கப்பலுக்குப் போறவளுக்கு விருந்தா?" என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருந்து கொடுக்கிற நாளுக்கு முந்தின நாள் கஞ்சி மட்டும். பிறகு பேதி உப்பு. காலையில் வெறும் வயிற்றில் எண்ணெய், உறைக்குள் அடைத்தது, வழக்கமான அளவில் பாதி. அதையும் இரண்டாகப் பிரித்து ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு மறுபடியும் பேதி உப்பு. இதுதான் முக்கியம். எண்ணெய் உள்ளேயே தங்கிவிடக் கூடாது.

பத்து மணிக்கு அஞ்சலை, "அண்ணே, காதுல வண்டு கத்துது" என்றாள். டிரசர் முகம் மாறியது. அந்த மருந்து ரத்தத்தில் ஏறுகிறது என்பதற்கு அது முதல் அடையாளம். கடிகாரத்தை ஒரு கையிலும் அவள் மணிக்கட்டை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு தம்ளர் பேதி உப்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மாரியாயி தலையைப் பிடித்துக்கொள்ள, நான் தம்ளரைப் பிடித்தேன். பாதி என் சட்டையில் கொட்டியது. முக்கால் மணி நேரம். அவள் கண்ணை மூடும்போதெல்லாம் மாரியாயி கன்னத்தில் தட்டி, "தூங்காதடி, கங்காணி வர்றான் பாரு" என்பாள். அதைக் கேட்டு அவள் கண்ணைத் திறப்பாள். கடைசியில், "அக்கா, வெளிய போவணும்" என்றாள். வார்டில் அப்படி ஒரு வார்த்தைக்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்கள்.

மூன்று நாள் வந்ததையெல்லாம் மெல்லிய துணியில் வடிகட்டிக் கழுவி, வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு எண்ணினேன். ஒவ்வொன்றும் அரை அங்குலம், வெளுத்த நூல் மாதிரி. தலை மட்டும் கொக்கி வளைந்ததுபோல. இருநூறுக்கு மேல் போனது. அஞ்சலை கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "இம்புட்டுப் பேருக்குமா நான் சோறு போட்டேன்?" என்றாள்.

மற்ற ஏழு பெண்களையும் திரும்பச் சோதித்தோம். ஆனால் இந்தத் தடவை டிரசர் முறையை மாற்றினார். டின்னில் பேர் எழுதவேண்டாம், நம்பர் போதும், எந்த நம்பர் யாருடையது என்பது நம் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். டின்னைக் கொடுக்கக் கங்காணி வேண்டாம். பெரட்டும் வேண்டாம். லயத்துக்கு லயம் போய்க் கொடுத்து, மூடி போட்ட பெட்டியில் திரும்ப வாங்கிவர மாரியாயியையே வைத்தார். கங்காணிக்கு ஆத்திரம். "ஆஸ்பத்திரிக்காரனுக்கு அந்தக் கெழவிதான் கெடச்சாளா?" என்று கேட்டாராம். மாரியாயி, "ஒங்க டின்னும் காலியா இருக்கு, ரொப்பிக் குடுங்க" என்று நீட்டினாளாம். அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு வெறும் டின் ஒன்றுகூட வரவில்லை. கொய்யா விதையும் ஒரு டின்னில்தான் வந்தது.

என் பேருக்கு நேராக ஆஸ்பத்திரிக் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஏறியது. அதனால் மேல் வேலைக்கு என் பேர் இரண்டு தடவை தள்ளிப்போனது. ஓய்வு பெறும்போது ஆபீசில் கணக்கெழுதுகிற ஒரு கிராணி கோப்பைத் திறந்து, "என்னண்ணே, சீட்ட மாத்தி ஒட்டினீங்களாமே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சீட்டை மாற்றி ஒட்டினேன் என்பது பொய். கவனக்குறைவு என்பதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விதையைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் சொல்ல வந்த ஐந்தாவது பிழை வெட்கம். பாத்திரம் சுத்தமாக இருக்கலாம், சீட்டு சரியாக ஒட்டியிருக்கலாம், நேரத்துக்கு வந்திருக்கலாம், போதிய அளவு இருக்கலாம். கொடுக்கிறவர் வெட்கப்பட்டால் டின்னுக்குள் இருப்பது வேறு யாருடையதோ. அந்த வெட்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் டின்னைக் கொடுக்கிற நாம்தான். இதைப் பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்காது என்றால் எழுதவேண்டாம். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை நேரம். வராந்தாவில் 'டொக், டொக்' என்று சத்தம். மாரியாயி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அஞ்சலை. காலில் புதுக் கட்டை, இடுப்பில் குழந்தை. நகத்தில் சிவப்பு வந்திருந்தது. தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். வராந்தாவில் மருந்துக்குக் காத்திருந்த ஆண்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் நடந்து வந்து, முந்தானைக்குள்ளிருந்து இல்லை, கையில் எல்லாரும் பார்க்கப் பிடித்திருந்த டின்னை என் மேசைமேல் 'டக்' என்று வைத்தாள்.

"என்னோடதுதாண்ணே. கொய்யா விதை இல்ல, நல்லாக் கலக்கிப் பாத்துக்கங்க."

கலக்கிப் பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை. பிறகு, அவள் போனபின், இன்னும் இரண்டு தடவை பார்த்தேன்.